அது கிரானைட் அல்ல, மணற்கல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையின் படக்குறிப்பு, யார்க்‌ஷயர் இல்க்லி மூரில் உள்ள 'கவ் அண்ட் காஃப்' பாறைகளைக் கிரானைட் என்கிறது. அவை மணற்கல். மில்ஸ்டோன் கிரிட் எனப்படும் பருமணல் பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை; வயது ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகள்.

படத்தில் தெரியும் கறுப்பு பெரும்பாலும் ஆலை நகரங்களின் நிலக்கரிப் புகை படிந்த கரி. பக்கத்திலேயே இருக்கும் கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் போனால் அதே கல்லின் அசல் நிறம் தெரியும்: வெளிர் பழுப்பு, ஆங்காங்கே இரும்புத் துரு. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். குவார்ட்ஸ் மணிகளும், மங்கிய வெள்ளையாக ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் தெரியும். இரண்டும் கிரானைட்டிலும் உண்டு. ஆனால் கிரானைட்டில் படிகங்கள் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். இங்கே தனித்தனி மணிகள், நடுவே நுண்துளைகள். வடக்கே இருந்த மலைகளின் கிரானைட் போன்ற பாறைகள் அரிக்கப்பட்டு, ஃபெல்ட்ஸ்பார் முழுதாக மக்கிப்போகும் முன்பே ஆற்றோடு வந்து கழிமுகத்தில் புதைந்த மணல் இது. அந்த வகையில் படக்குறிப்பு எழுதியவர் அதிகம் விலகிப் போய்விடவில்லை!

இத்தகைய குவாரிச் சுவரில் முதலில் பார்க்க வேண்டியவை சாய்ந்தோடும் மெல்லிய வரிகள். ஆற்றடி மணல் மேடுகளின் முன்சரிவில் மணல் சரிந்து சரிந்து உருவானவை அவை. பின்னால் வந்த வெள்ளம் மேட்டின் தலையைச் சீவிவிடுவதால், வரிகள் மேலே வெட்டுண்டும் கீழே வளைந்து தழுவியும் முடியும். அடுக்கு தலைகீழாகப் புரண்டிருக்கிறதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். வரிகள் தாழ்ந்து இறங்கும் திசையே நீரோட்டத் திசை. இங்குதான் பலர் தவறுகிறார்கள். இந்தச் சாய்வைப் பாறை அடுக்கின் சாய்வாகவே எடுத்துக்கொள்வது ஒரு பிழை. அடுக்கின் சாய்வை வரித் தொகுதிகளுக்கு இடைப்பட்ட எல்லைத் தளத்தில் அளந்து, வரிகளின் சாய்விலிருந்து கழிக்க வேண்டும். ஒரே சுவரை நம்புவது இன்னொரு பிழை. நீரோட்டத்துக்குக் குறுக்காக வெட்டிய முகத்தில் அதே வரிகள் கிடைமட்டமாகவோ குழிந்த தொட்டி வடிவிலோ தெரியும். கோணம் மாறிய இரண்டு முகங்களிலாவது அளந்தால்தான் உண்மையான திசை கிடைக்கும். இயற்கைப் பாறைமுகத்தைவிடக் குவாரி உதவுவது இதனால்தான். ஷெஃபீல்டைச் சேர்ந்த நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1850களில் இப்படி வரித் திசைகளை அளந்தே, மணல் வடகிழக்கிலிருந்து வந்தது என்றார்.

குவாரிச் சுவரில் அரைக்குழாய் போல இறங்கும் நேர்ப்பள்ளங்கள் துளைக்கருவியின் தடம். அவற்றுக்கு நிலவியல் விளக்கம் தேட வேண்டாம். வெளிப்பாறையின் மேல்தோல் இறுகியது, உள்ளே கல் தளர்ந்தது. தோலைச் சுரண்டினால் மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும்; பெயர் செதுக்குவதன் கேடு அதுதான். சுவரடியில் ஷேல் எனும் மென்மையான களிப்பாறைப் பட்டை இருந்தால் அது முதலில் அரிக்கப்பட்டு, மேலே மணற்கல் தொங்கி நிற்கும். செங்குத்து வெடிப்புகளில் உறையும் நீர் அதை வெளியே நெம்பும். பனி உருகும் நாட்களில் அடியில் நிற்கக் கூடாது.

இல்க்லி மூர் சட்டப் பாதுகாப்புள்ள நிலம். அங்கே சுத்தியலுக்கு வேலையில்லை. படக்குறிப்புக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் வாசகர்