வருஷச் சாமான் வாங்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவின் 12 வீடுகள் சார்பில் இந்த மடல்.

ஒரு வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, புளியை விருதுநகர் மொத்தக் கடையில் எல்லோரும் சேர்ந்து மூட்டையாக எடுத்தால் விலை குறையும். அப்படி மிச்சமாகும் காசு பூஞ்சணத்திலும் புழுவிலும் போய்விடாமல் காப்பதில்தான் பெரும்பாடு. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்.

மொட்டைமாடி தந்த பெரியம்மாவுக்கு முதல் நன்றி. மிளகாயை அவரவர் வீட்டில் காயப்போட்டால் எடை குறைவதில் மனத்தாங்கல் வரும். ஒரே மாடியில் காயவைத்துப் பிறகு எடை போட்டதால் அந்தப் பேச்சே எழவில்லை. தார்ப்பாய்மேல் பழைய வேட்டி விரிக்கச் சொன்னதும் அவர்தான். வெறும் தார்ப்பாயில் அடிப்பக்கம் வேர்த்துவிடும். பனி இறங்குமுன் அள்ளி உள்ளே வைத்த பிள்ளைகளுக்கும் நன்றி. குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்பு பட்டென்று ஒடிய வேண்டும். அரைக் காய்ச்சலில் எடுத்தால் மிளகாய்க்குள் பூஞ்சணம் பிடிக்கும், வெளியே தெரியாது.

புளி வேலைதான் கடுமை. கொட்டைப்புளி 10 கிலோ வாங்கினால் கொட்டையும் நாரும் போக 6 கிலோ தேறும். கடை விலையோடு ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உச்சிவெயிலில் காய்ந்த புளியில்தான் கொட்டை எளிதாகக் கழலும். உட்கார்ந்து தட்டிக்கொடுத்த பாட்டிமாருக்கும் மதினிமாருக்கும் எத்தனை சொன்னாலும் தகும். கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பு, அதையும் வெயிலில் காயவைத்து, அடுக்கடுக்காகத் தூவி மண்பானையில் அமுக்கினார்கள். ஈர உப்பு போட்டால் புளி கசியும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். கொட்டையை விற்ற காசு சாமான் ஏற்றிவந்த குட்டியானை வண்டி வாடகைக்கு உதவியது.

மில் அண்ணாச்சி மாவு அரைக்குமுன் காலையிலேயே நமக்கு இடம் ஒதுக்கினார். மிளகாய் 1 கிலோவுக்கு மல்லி 1½ கிலோ. அரைத்த பொடியைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டும் என்று, துணியில் பரப்பி ஆறவைக்க அவர் திண்ணையையே விட்டுக்கொடுத்தார்.

தராசு தந்த பலசரக்குக் கடைக்காரருக்கும், சாக்கு எடையைக் கழித்துப் பைசா பிசகாமல் கணக்கெழுதிய டீச்சருக்கும் நன்றி.

தை கழிந்து புதுத் துவரை வரும்போது பருப்பு எடுக்கலாம். சேர விரும்புவோர் டீச்சரிடம் பெயர் கொடுங்கள். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிக் காயவைக்க வேண்டும். எண்ணெயை அவரவர் கொண்டுவாருங்கள். காலிச் சாக்கு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பெரியம்மா வீட்டில் கொடுத்துவிடவும்.