டோட்டோரோவோடு அந்தப் படத்தையும் சேர்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் குழந்தைகளோடு பார்க்க வேண்டிய ஜப்பானிய அனிமேஷன் படங்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘மை நெய்பர் டோட்டோரோ’, ‘ஸ்பிரிட்டட் அவே’ எல்லாம் சரி. அதே பட்டியலில் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தையும் பார்த்ததும் திக்கென்றது. 1945இல் கோபெ நகரத்தின் மேல் குண்டு விழுந்து தாய் இறந்துபோகிறாள். பிறகு பசியில் நாலு வயதுத் தங்கை போகிறாள், அப்புறம் பதினாலு வயது அண்ணன். அவன் ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி சாவதில்தான் படமே தொடங்குகிறது. உங்கள் இதழை நம்பி ஆறு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் போட்ட பெற்றோரின் பாடு என்ன ஆகியிருக்கும்?

ஆனால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானிலேயே டோட்டோரோவையும் இந்தப் படத்தையும் ஒரே டிக்கெட்டுக்கு இரட்டைப் படமாகத்தான் வெளியிட்டார்கள். இரண்டும் ஜிப்ளி ஸ்டுடியோவில் உருவானவை. முன்னதை எடுத்தவர் ஹயாவோ மியாசாகி, பின்னதை எடுத்தவர் இசாவோ தகஹாதா. உங்கள் கட்டுரை முழுக்க மியாசாகியின் பெயர் வருகிறது; தகஹாதாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

இந்தப் படங்கள் பிடித்துப்போவதற்கு மாயமும் மந்திரமும்தான் காரணம் என்று கட்டுரை முடிவு கட்டுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டோட்டோரோ என்ற அந்தக் காட்டுப் பிராணி மொத்தப் படத்திலும் வருவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் அப்பாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் பழைய வீட்டைத் துடைக்கிறார்கள், அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறார்கள், துணியைக் காலால் மிதித்துத் துவைக்கிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதால் மூத்தவள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு கட்டுகிறாள். ‘ஸ்பிரிட்டட் அவே’ 2002இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதும் அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கிய படம். அதில் ஆவிகளும் டிராகனும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு மறக்காதது, அந்தச் சிறுமி சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழும் காட்சி. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை, சோறு வாயில் பட்டதும்தான் வெளியே வருகிறது.

தகஹாதாவுக்கு இந்த மாயம்கூடத் தேவைப்படவில்லை. 1991இல் வந்த அவருடைய ‘ஒன்லி யெஸ்டர்டே’ படத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். டோக்கியோவில் ஆபீஸ் வேலை பார்க்கும் இருபத்தேழு வயதுப் பெண் லீவு போட்டுவிட்டு யமகதா கிராமத்துக்குக் குசும்பாப் பூப் பறிக்கப் போகிறாள். கூடவே அவளுடைய ஐந்தாம் வகுப்பு நினைவுகளும் வருகின்றன. அவ்வளவுதான். ஒரு நினைவில் அப்பா அன்னாசிப்பழம் வாங்கி வருகிறார். வீட்டில் ஒருவருக்கும் அதை எப்படி நறுக்குவது என்று தெரியவில்லை. அக்கா எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, ஒருவழியாக வெட்டி, எல்லோரும் ஆசையாக வாயில் போட்டால், நினைத்த ருசி இல்லை. வாழைப்பழமே மேல் என்று ஒவ்வொருவராக ஒதுங்கிவிட, சிறுமி மட்டும் பிடிவாதமாகத் தின்றுகொண்டிருக்கிறாள். இதற்குப் போய்ப் பல நிமிடங்களா என்று கேட்கலாம். எனக்கு அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது.

அந்தப் பூவில் முள் உண்டு. அதனால் பனி ஈரத்தில் முள் மெத்தென்று இருக்கும் விடியற்காலையிலேயே பறிக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் சிவப்பு, பணக்காரப் பெண்களின் உதட்டுக்குப் போனது. முள் குத்தப் பறித்த பெண்கள் அதைப் பூசிக்கொண்டதே இல்லை என்பதையும் படம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. ஜப்பானில் வழக்கமாகப் படத்தை வரைந்து முடித்துத்தான் குரல் சேர்ப்பார்கள். இந்தப் படத்தில் பெரியவர்களாக வருகிறவர்களுக்குக் குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப முகத்தை வரைந்தார் தகஹாதா. சிரித்தால் கன்னத்தில் விழும் கோடுவரை அதில் இருக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது. ‘வயசானவள் மாதிரி இருக்கிறாள்’ என்று என் மகள் முகம் சுளித்தாள்.

‘ஃபயர்ஃபிளைஸ்’ படமும் இதே கண்ணால் எடுத்ததுதான். மிட்டாய் தீர்ந்த டப்பாவில் அண்ணன் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தங்கைக்குக் கொடுக்கிறான், அவள் ருசித்துக் குடிக்கிறாள். தகஹாதா ஒன்பது வயதில் ஒகயாமா நகரக் குண்டுவீச்சில் சிக்கி, அக்காவோடு ஓடித் தப்பியவர். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வழியில் பின்னால் வந்ததுதான் சுனாவோ கதாபுச்சியின் ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ (2016). ஹிரோஷிமாவில் பிறந்த சுசு, பக்கத்திலுள்ள குரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். போர்க்காலம், எல்லாம் ரேஷன். அரிசியை வறுத்து, ஊறவைத்து, உப்பிப் பெருகும்படி சமைத்துப் பார்க்கிறாள்; அளவு கூடுகிறது, வாயில் வைக்க முடியவில்லை. சர்க்கரையில் எறும்பு மொய்க்கிறது என்று தண்ணீர் ஜாடிக்குள் கிண்ணத்தை மிதக்கவிட, அது முழுகிப்போகிறது. பொம்மைப் படமெல்லாம் பார்க்காத என் மாமியார் இந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் அடுத்த வசனம் காதில் விழவில்லை. ஆனால் மாதமும் தேதியும் திரையில் வந்துகொண்டே இருக்கின்றன. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழப்போகும் ஆகஸ்ட் 6 நெருங்குவது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஹிரோஷிமாவில் இன்று சமாதானப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பிருந்த கடைத்தெருவை, பழைய புகைப்படங்களையும் அங்கே வாழ்ந்தவர்களின் ஞாபகங்களையும் வைத்துக் கடை கடையாக மீட்டு வரைந்திருக்கிறார் கதாபுச்சி.

2025இல் ‘டெமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானியச் சண்டைப் படம் நம் தியேட்டர்களில் தமிழ் பேசியது. அதே ஆண்டு, ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து எடுத்த பழைய ராமாயண அனிமேஷனும் தமிழில் வந்தது. சந்தோஷம்தான். தகஹாதாவை நான் ஆங்கில வசன வரிகளைத் துரத்திக்கொண்டு பார்த்தேன். மாமியாருக்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. வாங்கி வெளியிடுகிறவர்கள் உங்கள் இதழைப் படித்தால் இதையும் கவனிக்கட்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் அந்தப் பட்டியலுக்கு வயது வரம்பு குறித்து ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் தகஹாதாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்