போர்ட்டில் ரத்தம் வரவில்லையா, முதலில் எக்ஸ்ரே எடுங்கள்

கீமோ வார்டு மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். நான் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் கூடத்தில், வேலை செய்கிறேன். கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட்டிலிருந்து சிரைக்குள் போகும் குழாய் உள்ளேயே அறுந்து, இதயத்தின் வலப்பக்கத்திலோ நுரையீரல் தமனியிலோ போய் மாட்டிக்கொண்ட நிலையில் சிலர் எங்களிடம் வருகிறார்கள். "நெஞ்சைத் திறக்கணுமா?" என்றுதான் வீட்டார் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் தேவையில்லை. இதயத்துக்குள் அறுந்து கிடந்த கம்பியை ரத்தக்குழாய் வழியாகவே எடுத்ததை 1964-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, சிரை வழியாக நிட்டினால் என்ற உலோகக் கம்பியாலான சுருக்கு ஒன்றை அனுப்புகிறோம். துண்டின் நுனியைத் திரையில் தேடிப் பிடித்து, வளையத்துக்குள் விட்டு, இறுக்கி, ஷீத் எனும் உறைக்குழாய்க்குள் இழுத்துக்கொள்வோம். இரண்டு நுனியும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால்தான் பெரும்பாடு. நுனி சுருண்ட பிக்டெய்ல் குழாயைத் துண்டின் நடுவில் மாட்டி இழுத்து, ஒரு நுனியை விடுவித்த பிறகுதான் சுருக்குப் போட முடியும். வெகுநாள் கிடந்த துண்டு சுவரோடு ஒட்டி வளர்ந்துவிடும். அதைப் பிடித்து இழுக்கவே பயமாக இருக்கும்.

இத்தனைக்கும் பல குழாய்கள் சொல்லாமல் அறுவதில்லை. காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே நசுங்கி நசுங்கித்தான் அறுகின்றன. கையைத் தூக்கினால் ரத்தம் வரும், இறக்கினால் நிற்கும். ஃப்ளஷ் செய்தால் (உப்புநீர் செலுத்திக் கழுவினால்) காறை எலும்புக்குக் கீழே வலிக்கும், வீங்கும். அந்த நேரத்தில் "அடைப்பாத்தான் இருக்கும்" என்று சின்ன சிரிஞ்சை எடுத்து அழுத்தாதீர்கள், சிரிஞ்சு சிறுத்தால் அழுத்தம் கூடும். விரிசல் வழியாக டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்து கசிந்தால் சதையே வெந்துவிடும்.

மருந்தை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். நோயாளி நின்றபடி, கைகளைத் தொங்கவிட்டு எடுக்க வேண்டும். தோளைத் தூக்கினால் நசுங்கிய இடம் விரிந்து, படத்தில் தெரியாமல் போகும். நசுங்கியிருந்தால் அறுவதற்கு முன்பே போர்ட்டை எடுத்துவிடலாம். துண்டு போய்விட்டாலும் சிலருக்கு மூச்சுத்திணறலோ படபடப்போ எதுவுமே இருக்காது. நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

போர்ட் வைக்கும் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். முடிந்தவரை அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கழுத்துச் சிரையில் வையுங்கள், அங்கே இந்த நசுக்கல் கிடையாது. வைத்த குழாயின் நீளத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எடுக்கும்போது அளந்து பார்த்தால்தானே முழுதாக வந்ததா என்று தெரியும்?

அறுந்தது உறுதியானால் இரவென்று பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். படத்தையும் அந்த நீளக் குறிப்பையும் நோயாளியோடு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கேத் லேப் ஊழியர்