கிணற்று யுரேனியம் யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். லிட்டருக்கு 41 மைக்ரோகிராம் யுரேனியம் என்று அறிக்கை வந்தது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 30. வேதியியல் சொல்லிக்கொடுத்தே 30 வருடம் ஓட்டியவன் நான். எனக்கே வயிற்றைக் கலக்கியது. அறிக்கையின் ஓரத்தில் யாரோ பேனாவால் ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்று வேறு எழுதியிருந்தார்கள். காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும். யுரேனியம் பாத்திரத்திலேயே இருக்கும், அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி அதில் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

“பக்கத்தில் அணு உலை எதுவும் இல்லையே, எப்படி வந்தது?” என்றாள் மகள். உலை வேண்டியதில்லை. சாதாரண கிரானைட்டிலேயே டன்னுக்குச் சில கிராம் யுரேனியம் உண்டு. கடல் நீரில்கூட லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் இருக்கிறது. குடிநீரில் முதல் கவலை கதிர்வீச்சு அல்ல, சிறுநீரகம்தான். யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 450 கோடி வருடம், அவ்வளவு மெதுவாகச் சிதைவது அது.

சரி, பாறைதான் காரணம் என்று விட்டுவிடலாமா? சுரங்கக் கழிவு, நிலக்கரிச் சாம்பல், பாஸ்பேட் உரம் ஆகியவற்றிலிருந்தும் யுரேனியம் நீரில் சேரும் என்பது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத வழி ஒன்றும் உண்டு. ஆக்சிஜன் படாத ஆழத்தில் பாறையிலுள்ள யுரேனியம் எளிதில் கரையாது. நாம் நீரை உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் இறங்குகிறது, அங்கே காற்று புகுகிறது. அதிலுள்ள ஆக்சிஜன் யுரேனியத்தைக் கரையக்கூடிய வடிவுக்கு மாற்றுகிறது. மேலே போட்ட தழைச்சத்து உரம் நைட்ரேட்டாகி இறங்கி அதே ஆக்சிஜனேற்ற வேலையைச் செய்கிறது. அப்புறம் நீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்போடு சேர்ந்து யுரேனியம் தாராளமாகக் கரைந்து வரும். அமெரிக்காவின் இரண்டு பெரிய நிலத்தடி நீர்ப்படுகைகளில் நைட்ரேட் கூடிய இடங்களில் யுரேனியமும் கூடியிருப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதை இயற்கையின் கணக்கில் எழுதுவதா, நம் கணக்கில் எழுதுவதா? அதனால்தான் ‘இயற்கையானது’ என்ற ஒற்றைச் சொல்லோடு அதிகாரிகள் கோப்பை மூடும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு வேண்டுகோள். இனி கிணற்று நீரில் யுரேனியம் என்ற செய்தி வரும்போது யுரேனிய அளவோடு கிணற்றின் ஆழம், நைட்ரேட், பைகார்பனேட் விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். என் அறிக்கையின் அடுத்த பக்கத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 68 மில்லிகிராம் என்றிருந்தது; உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 50. யுரேனியத்தைக் கண்ட பதற்றத்தில் அந்தப் பக்கத்தை நான் இரண்டு நாள் புரட்டவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்