அந்த 'அப்புறம்' வந்துவிட்டது

அன்புள்ள மொட்டை,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் பொழுது சரியில்லை: போன வாரம் டிஸ்க் நிரம்பி, நான்கு நாளாக ஓடிய தீ எரியும் சிமுலேஷன் பாதியில் நின்றுபோனது.

கணக்கைக் கேள். கனசதுரத்தின் பக்கத்துக்கு 512 வீதம் 13.4 கோடி புள்ளிகள், எண்ணுக்கு 8 பைட். வெப்பநிலை, அழுத்தம் மாதிரி ஒரே மாறிக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேல். 12 மாறிகள், 200 நேரப்படிகள். "எல்லாத்தையும் சேமி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பாரே நம் பெரியவர், அந்த 'அப்புறம்' வந்துவிட்டது.

முதலில் கோப்பைச் சுருக்கும் ஜிஜிப் போட்டேன். பத்தில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. கடைசி பிட்டுகள் எல்லாம் வெறும் இரைச்சல்; அதை எதைக்கொண்டு சுருக்குவது? அவசரத்தில் எல்லாவற்றையும் 16 பிட் முழு எண்ணாக்கினேன். வெப்பநிலை அழகாக வந்தது. ஆனால் ஒரு வாயு இருக்கிறதே, அதன் பங்கு உச்சத்திலேயே 0.01. அதை 65,536 படிகளாக வெட்டினால் ஒரு படி 0.00000015. தீப்பற்றும் முன் அதன் அளவு அதிலும் நூறில் ஒரு பங்கு. திறந்து பார்த்தால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்த வாயுவின் மூலக் கோப்பையும் அழித்திருந்தேன். சிரிக்காதே, அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அழுத்தம் வேறு கதை. 32 பிட் தசம எண்ணாக எழுதினால், சாதாரணக் காற்றழுத்தமான 1,01,325 பாஸ்கலுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 0.0078 பாஸ்கல் இடைவெளி. நான் தேடும் ஒலியலையே 0.01தான்! படம் படிக்கட்டு மாதிரி வந்தது. 64 பிட்டில் இருக்கும்போதே சராசரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் 32 பிட்டில் எழுதினேன். அதே 4 பைட்தான், அலை வழவழவென்று வந்துவிட்டது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? (நீ சொன்னாய் என்று இப்போது கிளம்பாதே.)

இனி மாறிக்கு மாறி தனிக் கவனிப்பு. வாயுக்களுக்குப் பின்னப் பகுதியில் 10 பிட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை ரவுண்டு பண்ணிப் பூஜ்யமாக்கி, பைட்டுகளை வரிசை மாற்றும் ஷஃபிளும் சுருக்கும் டெஃப்லேட்டும். சின்ன எண்ணோ பெரிய எண்ணோ, பிழை 2,048-இல் ஒன்றைத் தாண்டாது. இந்தக் கோப்புகளை எழுதும் நெட்சிடிஎஃப் மென்பொருளின் 4.9-இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓட்ட உதவும் ரீஸ்டார்ட் கோப்புகளை மட்டும் தொடமாட்டேன். கடைசி இரண்டு, முழு 8 பைட்டோடு.

இப்போது உறுத்துவது வாயு ஓடும் வேகம் என்ற மாறி. சுழிப்பை (வாயு எவ்வளவு சுழல்கிறது என்பதை) சேமிக்காமல் வேகத்திலிருந்து பிறகு கணக்கிடலாம் என்றிருந்தேன். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கழிக்கும்போது ரவுண்டு பண்ணிய பிழை பூதமாகிவிடுகிறது. நீ வேகத்தை எத்தனை பிட்டில் வைக்கிறாய்? திங்கட்கிழமை மறுபடி ஓட்டப்போகிறேன், அதற்குள் எழுது.

உன்,
குட்டையன்