கோர்ட்டினா: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் கோர்ட்டினா தம்பெட்ஸோவில் சொகுசுப் பனிச்சறுக்கு விடுமுறை பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து பக்கங்களில் பனிச்சறுக்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. மீதியெல்லாம் ஹோட்டல் அறை, நீராவிக் குளியல், கைப்பைக் கடை. எழுதியவர் சறுக்குக் காலணியைக் காலில் மாட்டவே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

நான் பாதுவாவில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவள். கணவரும் மகளுமாக மூன்று குளிர்காலம் கோர்ட்டினாவுக்குப் போய் வந்திருக்கிறோம், மூன்று முறையும் பஸ்ஸில். ஹெலிகாப்டரையும் ஓட்டுநருடன் கூடிய வாடகைக் காரையும் சொன்ன கட்டுரைக்கு வெனிஸ் பக்கமிருந்து போகும் பஸ் கண்ணில் படவில்லை. ஊருக்கு ரயில் கிடையாது. ஊரைச் சூழ்ந்த டோலமைட் மலைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த சிறிய ரயிலை 1964-ல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த அந்தத் தடத்தில் இப்போது கோடையில் சைக்கிளும் குளிர்காலத்தில் சமதளச் சறுக்கும் நடக்கின்றன.

சறுக்குக் காலணிக்கு வருகிறேன். அது கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கூடு. கொக்கிகளை இழுத்துப் பூட்டிவிட்டால் கணுக்கால் மடங்காது. முழங்காலை முன்னே தள்ளிக்கொண்டுதான் நிற்க முடியும். வாடகைக் கடையின் படியில் இறங்கியபோது குதிகால் ஒரு முறை, முன்பாதம் ஒரு முறை என்று டொக்டொக்கென்று நான் போட்ட சத்தத்துக்கு வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொஃபானா மலையடியில் சொக்ரேப்பெஸ் என்ற சரிவில்தான் புதியவர்களுக்குப் பாடம். காலில் பூட்டிய சறுக்குப் பலகைகளின் நுனியைச் சேர்த்துக் குதிகாலை அகட்டி வைத்தால் வேகம் குறையும். இந்த நிலைக்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் 'ஸ்பாட்சனேவே', அதாவது பனி வாருவது. முதல் நாள் நான் பெரும்பாலும் முதுகால்தான் வாரினேன். கையில் தடிகூட இல்லாத நாலு வயதுப் பிள்ளைகள் ஆசிரியைக்குப் பின்னால் வாத்துக் குஞ்சுகள் போல வளைந்து வளைந்து என்னைக் கடந்துபோனார்கள். மூன்றாம் நாள் பிற்பகல், நீலத் தடம் ஒன்றில் விழாமல் அடிவரை வந்து சேர்ந்தேன். (அங்கே நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்.) அன்று எனக்கிருந்த பெருமிதத்துக்குக் கட்டுரையில் வந்த எந்த அறையும் ஈடாகாது.

மாலை ஐந்து மணிக்குக் கோர்சோ இத்தாலியா கடைவீதியில் மென்மயிர் மேலங்கி அணிந்த கூட்டம் உலா வருவதாகக் கட்டுரை வியக்கிறது. உண்மைதான், பார்க்கச் சுவையான காட்சிதான். அவர்களில் பலர் மலையேறுவதே இல்லை. ஆனால் சற்று முன்னதாக, நான்கரை மணிவாக்கில், வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே ஃபலோரியா, கிறிஸ்டல்லோ மலைகளின் வெளிறிய பாறைகள் பன்னீர் ரோஜா நிறத்துக்கு மாறுகின்றன. லதின் என்ற மலைமொழியில் (லத்தீன் அல்ல) இதற்கு 'என்ரொசாதீரா' என்று தனிச் சொல்லே இருக்கிறது. தேவாலய மணிக்கூண்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், டிக்கெட் கிடையாது. இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்தக் கடைவீதியின் இன்னொரு கதையை இத்தாலியர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று சுமார் 80 வரி அதிகாரிகள் திடீரென்று கோர்ட்டினாவில் வந்து இறங்கினார்கள். என்ன மாயமோ, அன்று கடைகளின் விற்பனைக் கணக்கு முந்தைய ஆண்டின் அதே நாளைவிடப் பல மடங்கு கூடிவிட்டது. தெருவில் நின்ற 251 சொகுசுக் கார்களையும் அதிகாரிகள் சோதித்தார்கள். உரிமையாளர்களில் 42 பேர் ஆண்டு வருமானம் 30,000 யூரோவுக்கும் குறைவு என்று கணக்குக் காட்டியவர்கள்.

கட்டுரையில் என்னை உறுத்தியது, கோர்ட்டினா "கோடீசுவரர்களுக்குச் சொந்தமான மலை" என்ற வரி. இது தகவல் பிழை. அந்தப் பள்ளத்தாக்கின் காடும் மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் 'ரேகொலே' என்ற ஊர்ப்பொது அமைப்புகளுக்குச் சொந்தம். பழங்குடும்பங்களின் வழிவந்தவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கூட்டாக ஆண்டுவரும் சொத்து அது. விற்க முடியாது, பங்கு பிரிக்கவும் முடியாது. எவ்வளவு பணம் வைத்திருப்பவரும் அங்கே ஒரு பங்கை விலைக்கு வாங்கிவிட முடியாது. 1990 முதல் அங்குள்ள இயற்கைப் பூங்காவை நிர்வகிப்பதும் அவர்கள்தான். நம் ஊர்ப் பங்காளிகள் ஒரு வரப்புக்காக நீதிமன்றம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம். உரிமை மரபாக ஆண் வாரிசு வழியே இறங்கியது என்று கேட்டபோது மட்டும், இதில் நாமும் அவர்களும் ஒன்றுதான் என்று தோன்றியது.

"இயற்கை விரித்த வெண்பட்டு" என்ற படக்குறிப்புக்கும் ஒரு திருத்தம். டிசம்பரில் நாங்கள் போனபோது மலைச்சரிவெல்லாம் பழுப்புப் புல்; நடுவே நீள வேட்டியை உலர்த்தியது போல் ஒரே ஒரு வெள்ளைத் தடம். இரவெல்லாம் தொலைவில் அரிசி ஆலை ஓடுவது போன்ற இரைச்சல். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த காற்றில் தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சிப் பனியாக்கும் இயந்திரங்கள் அவை. பனிப் பஞ்சம் கோர்ட்டினாவுக்குப் புதிதுமல்ல. கட்டுரை பொற்காலமாகக் கொண்டாடும் 1956 குளிர்கால ஒலிம்பிக்கின்போதே பனி போதாமல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள். தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான முதல் குளிர்கால ஒலிம்பிக் அது. தொடக்க விழாவில் சுடர் ஏந்திப் பனித்தரையில் சறுக்கி வந்த வீரர், குறுக்கே கிடந்த கம்பியில் இடறி விழுந்தார், பாவம். 2026 ஒலிம்பிக்குக்கோ, வெளிநாட்டில் இருக்கும் தடத்தைப் பயன்படுத்தலாமே என்று சர்வதேச ஒலிம்பிக் குழு சொல்லியும் கேட்காமல், நூற்றுக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டி, பத்துக் கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டுப் பாப்ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்துக்குப் புதிய தடம் கட்டினார்கள். இந்தக் கணக்கும் சொகுசுக் கட்டுரையில் இடம்பெற வேண்டியதுதான்.

சாப்பாட்டுப் பகுதியில் வந்த உணவுகள் ரோமிலும் மிலானிலும் கிடைப்பவையே. அந்த மண்ணின் உணவு கசுன்சியெய். மாவுத் தாளைப் பிறைபோல மடித்து, உள்ளே பீட்ரூட் மசியல் வைத்து, வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி, மேலே தாராளமாகக் கசகசா தூவிக் கொடுக்கிறார்கள். கசகசாவைக் குருமாவில் அரைத்தே பழகிய என் கணவர், அரைக்காமல் இப்படி முழுசாகத் தூவுவது வீண் என்று முதல் வாய்க்கு முன் சொன்னார். இரண்டாவது தட்டையும் அவர்தான் கேட்டார்.

கடைசியாக ஒன்று, வாசகர்களுக்குப் பண நட்டம் வரக்கூடியது என்பதால் இதை மட்டுமாவது அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போட வேண்டுகிறேன். 2022 ஜனவரி 1 முதல் இத்தாலியில் சறுக்குத் தடத்தில் இறங்கும் எவருக்கும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு டிக்கெட் வாங்கும்போதே சில யூரோ கூடுதலாகக் கொடுத்து அதையும் எடுத்துக்கொள்ளலாம். இல்லாமல் பிடிபட்டால் 100 முதல் 150 யூரோ வரை அபராதம், டிக்கெட்டும் பறிபோகும். தலைக்கவசமும் 2025-26 பருவத்திலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயம். உங்கள் அட்டைப்படத்தில் கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கும் பெண்மணி தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாதுவா, இத்தாலி.