ஓய்வு வாரத்துச் செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். இலவச மருத்துவ முகாம்கள் நடத்தும் ரிமோட் ஏரியா மெடிக்கல் அமைப்பின் இரண்டு நாள் முகாமுக்கு டாக்டராகப் பெயர் கொடுத்திருப்பதாகப் போனில் சொன்னாய். உன் ஊரில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச கிளினிக்கிலும் சேரலாமா என்று கேட்டாய். ஏழு நாள் தொடர்ந்து மருத்துவமனை வேலை, அடுத்த ஏழு நாள் ஓய்வு என்று ஓடும் உடம்பு இதையும் தாங்குமா என்ற கவலையும் உன் குரலில் இருந்தது. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முகாமுக்குக் கட்டாயம் போ. டென்னசியில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. அதைத் தொடங்கிய ஸ்டான் பிராக் இளமையில் கயானாவின் காட்டுப்புறத்தில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்தவர். அங்கே குதிரையால் படுகாயம் அடைந்தபோது, அருகிலிருந்த டாக்டரை அடைய 26 நாள் நடக்க வேண்டியிருந்ததாம். அந்த நினைவில்தான் 1985-இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். வெளிநாடுகளின் எட்டாத மூலைகளுக்கென்று தொடங்கியது, சில வருடங்களிலேயே உங்கள் டென்னசி மலைக் கிராமங்களுக்குத் திரும்பி வந்தது. டாக்டர் கண்ணெதிரே இருந்தும் பணமில்லாமல் எட்ட முடியாதவர்கள் இங்கேயே அத்தனை பேர் இருந்தார்கள். முகாமுக்கு முந்தைய இரவே ஜனங்கள் வந்து காருக்குள் படுத்துக்கொள்வார்கள், விடியுமுன் வரிசை எண் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் வருவது பல்லுக்கும் கண்ணுக்கும்தான். சொத்தைப் பல்லை அன்றைக்கே பிடுங்கிவிடலாம். கண்ணாடியை அங்கேயே அளவெடுத்து, அங்கேயே தேய்த்துக் கையில் கொடுத்துவிடலாம். ஒரே நாளில் முடியக்கூடிய வேலை அது. வருடக்கணக்கில் பல்வலியோடு இருந்தவனுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று நீயே பார்ப்பாய்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்படி ஒரு நாளில் முடிகிற நோய்கள் அல்ல. உன் படிப்போ பொது மருத்துவம். அதனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கும் என்று தோன்றினால், தயங்காமல் உள்ளூர் கிளினிக்கை எடுத்துக்கொள். ஓய்வு வாரம் வரும்போதெல்லாம் அதன் செவ்வாய்க்கிழமை மாலையை அவர்களுக்குக் கொடு. ஒரே கிழமை, ஒரே நேரம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதை ஹூஸ்டனில் எங்கள் கிளினிக்கின் மருந்து அறையில் நான் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வாரம் ஒரு மாலை அங்கே போகிறேன் என்பது உனக்குத் தெரியும். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம். வாசலில் பெயர் பதிவதும், எடையும் அழுத்தமும் பார்ப்பதும் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு நர்ஸ், ஒன்றிரண்டு டாக்டர்கள், ஸ்பானிஷ் மொழிபெயர்க்க ஒருவர், கடைசியில் மருந்தாளுநராக நான். டாக்டர்கள் சுழற்சியில் வருகிறார்கள். இன்று வந்தவர் அடுத்த மாதம் வருவாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. நோயாளிகள் மட்டும் மாறுவதில்லை. கூரை போடும் தொழிலாளி, வீடு சுத்தம் செய்யும் பெண்கள், உணவகச் சமையல்கட்டில் நிற்பவர்கள், சிறு கான்டிராக்டரிடம் நாள் கூலிக்குப் போகிறவர்கள் என்று தெரிந்த முகங்களாகவே வருகிறார்கள்.

வீடு சுத்தம் செய்யும் ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழுத்தத்துக்கு முதலில் பார்த்த டாக்டர் லிசினோபிரில் கொடுத்தார். வறட்டு இருமல் வந்தது. இரண்டாவது டாக்டர் சரியாகவே யூகித்து அதை நிறுத்திவிட்டு லோசார்டன் எழுதினார். ஆனால் ஏன் மாற்றினார் என்பதைக் குறிப்பில் எழுதவில்லை. மூன்றாவதாக வந்தவர், அழுத்தம் இறங்கவில்லையே என்று லிசினோபிரிலையும் சேர்த்து எழுதினார். அந்த அம்மாள் இரண்டு புட்டிகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இருமிக்கொண்டே என் சன்னலுக்கு வந்தார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே நிறுத்தச் செய்தோம், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மூன்று டாக்டர்களும் திறமையானவர்கள், நல்ல மனம் படைத்தவர்கள், அலுத்துப்போன வேலை நாளின் முடிவில் இலவசமாக வந்தவர்கள். அந்த அம்மாளை இரண்டாம் முறை பார்க்கிறவராக மட்டும் அவர்களில் ஒருவரும் இல்லை.

இதனால்தான் கிழமையை வலியுறுத்துகிறேன். நீ தவறாமல் வந்தால், நீ எழுதிய மருந்து வேலை செய்ததா என்று நீயே பார்ப்பாய். வர முடியாத மாலைக்காகவும் எழுது. அடுத்து வரப்போகிற, உன்னைத் தெரியாத டாக்டருக்காகக் குறிப்பு எழுது: எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய், அடுத்து என்ன செய்ய நினைத்தாய். பெரிய மருத்துவமனையில் கணினி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும். சிறிய கிளினிக்கில் அந்த நினைவை மனிதர்கள்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

மருந்து எழுதும்போது என்னைப் போன்றவனைக் கேட்டுவிட்டு எழுது, அம்மா. நிறுவனங்கள் தரும் சாம்பிள் பெட்டிகள் அலமாரியில் அழகாக அடுக்கியிருக்கும். புதிய சர்க்கரை மாத்திரையை இரண்டு வாரத்துக்கு எடுத்துக் கொடுக்கக் கை நீளும். மூன்றாம் வாரம் அந்த மனிதர் மாதத்துக்குப் பல நூறு டாலருக்கு எங்கே போவார்? ஒருவரை ஒரு மருந்தில் தொடங்கிவிட்டு அது கிடைக்காத இடத்தில் விட்டுவிடுவதைவிட, பழைய மருந்தை ஒழுங்காகக் கொடுப்பது எவ்வளவோ மேல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபிசைடு, அழுத்தத்துக்கு அம்லோடிபின், லிசினோபிரில் எல்லாம் மலிவு. வால்மார்ட் 2006-இல் தொடங்கிய பட்டியலில் நிறுவனப் பெயரில்லாமல் மலிவாக விற்கும் பல பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் 30 நாளைக்கு 4 டாலர், 90 நாளைக்கு 10 டாலர் என்று வந்தன. அந்த மாதிரிப் பட்டியல்களை மனப்பாடம் செய்துகொள்.

விலை உயர்ந்த மருந்து வேண்டியே தீரும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மருந்து நிறுவனங்களே இலவசமாகக் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. விண்ணப்பம், வருமானச் சான்று, டாக்டர் கையெழுத்து எல்லாம் போய், மருந்து வர வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் வருடந்தோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இங்கேதான் எங்களுக்கு மூச்சு முட்டும். படிவத்தை நான் நிரப்பி வைத்திருப்பேன், சான்றை நோயாளி கொண்டு வந்திருப்பார், கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் மட்டும் அதன் பிறகு வந்திருக்க மாட்டார். ஒரு கையெழுத்துக்காக இன்சுலின் காத்துக் கிடப்பதைப் பார்க்கிறபோது எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

நீ மருத்துவமனையில் பார்ப்பது இதே மனிதர்களைத்தான், சில வருடங்கள் கழித்து. காலில் ஆறாத புண், சிறுநீரகம் கைவிட்ட உடல், பக்கவாதம். 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அவசரப் பிரிவு பரிசோதித்து, உயிர் ஆபத்திலிருந்து மீட்டாக வேண்டும். மாதா மாதம் மாத்திரை கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை, பில் அனுப்பக் கூடாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது "ஒரு வாரத்துக்குள் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள்" என்று தாளில் எழுதுகிறாய். அவருக்கு அப்படி ஒரு டாக்டரே கிடையாது. செவ்வாய்க்கிழமை மாலையில் அந்த டாக்டர் நீயாக இருக்கலாம்.

அவர்களுக்கு ஏன் காப்பீடு இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள், ஏனென்றால் உன் சக டாக்டர்களே 'ஒபாமா சட்டம் வந்த பிறகும் இது எதற்கு' என்று கேட்பார்கள். 2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்கச் சொன்னது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. உங்கள் டென்னசியும் எங்கள் டெக்சாசும் மறுத்துவிட்டன. விளைவைக் கேள்: டெக்சாசில் பிள்ளைகள் இல்லாத, ஊனமில்லாத ஒரு நடுவயதுக்காரர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிகெய்டு கிடையாது. அந்தச் சட்டத்தின் காப்பீட்டுச் சந்தையில் தானே காப்பீடு வாங்குவதற்கான வரிச்சலுகையோ வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். மேலே இருப்பவருக்கு உதவி, கீழே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. 2023 கணக்கில் நாடு முழுவதும் 2.6 கோடிப் பேருக்கு மேல் காப்பீடு இல்லாதவர்கள். அவர்களின் விகிதத்தில் டெக்சாஸ்தான் பல வருடங்களாக முதலிடம்.

அரசு செய்ய வேண்டியதை நாம் இலவசமாகச் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளாதா என்று மாணவியாக இருந்தபோது நீ வாதாடுவாய். அது நியாயமான கேள்வி, இன்றும் எனக்குள் இருக்கிறது. உசிலம்பட்டியில் உன் அத்தைக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்தப் பணக்கார நாட்டில் கூரை மேல் நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவர் அதே மாத்திரைக்கு எங்கள் வாசலில் காத்திருக்கிறார். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைப்பதில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவர் மேல் ஏற்றிக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சட்டம் மாறும் வரை அவருடைய சிறுநீரகம் காத்திருக்காது. கிளினிக்கில் இருப்பவர்கள் சட்டத்துக்காகவும் பேசலாம், பேச வேண்டும். எந்த இடத்தில் ஓட்டை என்று அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

நம் ஆட்களும் வருகிறார்கள் என்பது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த தாத்தா பாட்டிகள். பயணக் காப்பீடு பழைய நோய்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. கொண்டு வந்த மாத்திரை தீர்ந்ததும், மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று பாதியாக உடைத்துச் சாப்பிடத் தொடங்குகிறார்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு பாட்டி கிளைகோமெட் ஜிபி அட்டையை நீட்டியபோது எங்கள் டாக்டர் திகைத்தார். இங்கே அந்தப் பெயரில் மருந்து இல்லை. உள்ளே இருப்பது மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் என்று நான் சொல்ல, இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். பாட்டி தமிழில் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் மருமகளின் சமையல் வரைக்கும் சொல்லி முடித்தார். மொழி அவ்வளவு முக்கியம். கூட வந்த பத்து வயதுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கும் வேலையை மட்டும் ஒருபோதும் செய்யாதே. தாயின் நோயைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை, தவறும் நேரும்.

சேருவதற்கு முன், சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குப் போட்டால் யார் பொறுப்பு என்று தெளிவாகக் கேள். அப்படிப்பட்ட வழக்குக்கு உன் மருத்துவமனை எடுத்திருக்கும் காப்பீடு வெளியில் செய்யும் பணிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. 1996 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, தகுதியுள்ள இலவச கிளினிக்கில் ஊதியம் வாங்காமல் பணி செய்யும் டாக்டரை அரசின் பொதுச் சுகாதாரப் பணியாளராகக் கருதி, வழக்கு வந்தால் கூட்டாட்சி அரசே ஏற்கும். ஆனால் அது தானாக வராது. கிளினிக் உன் பெயருக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அனுமதி வந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே நோயாளியைப் பார்.

மார்பகப் பரிசோதனைக்கு யாரை எங்கே அனுப்புவது என்றும் முதல் வாரமே கேட்டு வை. காப்பீடு இல்லாத பெண்களுக்கென்று 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கூட்டாட்சித் திட்டம் ஒன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. மருத்துவமனை பில்லோடு வருகிறவர்களிடம், லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் கட்டண உதவிக்கான விதிமுறை எழுத்தில் இருந்தாக வேண்டும், அந்தப் படிவத்தைக் கேளுங்கள் என்று சொல். பலர் அதைக் கேட்கலாம் என்பதே தெரியாமல் கடனில் மூழ்குகிறார்கள்.

உடம்பு பற்றிக் கேட்டாய். ஓய்வு வாரத்தின் முதல் இரண்டு நாள் தூங்கு. மாதத்துக்கு ஒரு மாலைதான் முடியும் என்றால் ஒன்றே போதும், அதை மட்டும் வாக்காகக் கொடு. உற்சாகத்தில் நான்கு மாலைகள் ஏற்றுக்கொண்டு மூன்றாம் மாதம் காணாமல் போகிற டாக்டர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் 1994-இல் டாக்டர் ஜாக் மெக்கானல் ஓய்வு பெற்ற டாக்டர்களைச் சேர்த்து ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் தொடங்கினார்கள். உன் ஊரிலும் அப்படி ஓய்வு பெற்ற ஒரு டாக்டரோ மருந்தாளுநரோ இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகு. நோயாளிகளின் கதை முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கும்.

நிர்வாகிக்கு எழுதும்போது உரிமத்தின் நகல், தடுப்பூசிப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் முதல் மடலிலேயே இணைத்துவிடு. செவ்வாய்க்கிழமைக்கு ஏற்கெனவே டாக்டர் இருந்தால், எந்த மாலைக்கு ஆள் இல்லை என்று கேட்டு அதை எடுத்துக்கொள். எழுதுமுன் எனக்கு ஒரு முறை போன் செய். அங்கே மருந்து அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை நான் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா